என் மனைவியின் கால்களுக்கு நான் வைத்த நேர்த்தி

தாள்தளர்ந்த போதும் தயவு தளராதான்
தாள்நினைந்தார்க் கில்லை தளர்வு.

பங்குனி உத்தரத் திருநாளாகிய இன்று, கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமுள்ள ஒரு வாடகை வீட்டில் இருந்து இதை எழுதுகிறேன். அடியார்களே, எங்களுக்குக் கிடைத்த அருளைச் சொல்லாமல் வைத்திருப்பது முறையன்று என்பதால் எழுதுகிறேன். எழுதும்போதும் களைப்பாகவே இருக்கிறது. களைப்பு நீங்கிய பிறகுதான் நன்றி சொல்ல வேண்டும் என்றில்லை அல்லவா?

நானும் என் மனைவி மங்கையர்க்கரசியும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள். ஆயினும் வாழ்நாளில் பாதிக்கு மேல் டென்மார்க்கில் கழிந்துவிட்டது. மருமகன் முறையான உறவுப் பையன் ஒருவனின் திருமணத்துக்காகக் கார்த்திகையில் கொழும்புக்கு வந்தோம். கோவில்களைத் தரிசித்துவிட்டுத் தைப்பொங்கலோடு திரும்புவதே எங்கள் எண்ணம். திருமணம் முடிந்த வாரத்தில் மங்கையர்க்கரசி குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. சத்திர சிகிச்சை நன்றாகவே நடந்தது. ஆனால் மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, “எலும்பு பொருந்தும் ஐயா. அம்மா எழும்பி நடக்காவிட்டால் படுக்கையோடுதான். நடக்காமல் விமானம் ஏறவும் ஏலாது” என்றார்.

எழுந்து நிற்க மங்கையர்க்கரசிக்கு மனம் வரவில்லை. பிடித்து நடக்கும் வோக்கரைக் கொண்டுபோய்க் கட்டிலருகே வைத்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம், “நாளைக்குப் பாப்பம் பிள்ளை” என்பார். மறுநாளும் அதே பதில்தான்.

சுற்றுலாவாக வந்த ஊர் இப்படித்தான் எங்கள் குடியிருப்பானது. காலையில் தண்ணீர் மோட்டார் நின்றுவிடுவதற்கு முன் வாளிகளை நிரப்பி வைக்கப் பழகினேன். மாடியில் உடுப்புக் காயப்போட்டால் கடற்காற்று கொண்டுபோய்விடும் என்பதை ஒரு வேட்டியை இழந்து அறிந்தேன். ரயில் போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி அதிரும். அந்த அதிர்விலும் மங்கையர்க்கரசி கண் திறக்கமாட்டார். பாண் என்னும் ரொட்டி வாங்கக் கடைக்குப் போனால், டென்மார்க்கில் வரிசையில் நின்ற பழக்கத்தில், எனக்கு முன் நிற்பவருக்குப் பின்னால் அமைதியாக நிற்பேன். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் வாங்கிக்கொண்டு போவார்கள். ஒருநாள் கடைக்காரர் சிரித்துவிட்டார். “ஐயா, பாணைப் பாத்துக்கொண்டு நிண்டா பாண் நடந்து வராது. வாயைத் திறந்து கேளுங்கோ!”

டென்மார்க்கில் இருக்கும் மகள் தொலைபேசியில் அழுவாள். அவளுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. மாலையில் கோவிலுக்குப் போய்ப் பதிகம் பாடத் தொடங்குவேன். சிறு வயது முதல் நாவில் ஊறிய பாடல்கள்தாம். ஆனாலும் இரண்டாம் அடிக்கு வருமுன் பாட்டு நின்றுவிடும். முதுமையில், பிறந்த நாட்டிலேயே அந்நியர்களாக, ஒரு வாடகைக் கட்டிலில் எங்கள் கதை முடியப்போகிறதோ என்று நினைத்து அஞ்சினேன்.

அந்த அச்சத்தில்தான் அந்த நேர்த்தியை வைத்தேன். “பெருமானே, சிவராத்திரிக்கு மங்கையர்க்கரசி உன் கோவிலை மூன்று முறை கால்நடையாக வலம் வருவார்” என்று மூலத்தானத்தின் முன் நின்று வாக்குக் கொடுத்தேன். நல்ல செய்தி கொண்டுவருபவனைப் போல வீட்டுக்கு ஓடிவந்து அவரிடம் சொன்னேன்.

அவர் சுவர்ப்பக்கமிருந்து என் பக்கம் திரும்பினார்.

“இஞ்சாருங்கோ, என்ர காலை என்னட்டக் கேளாமல் சுவாமிக்குக் குடுத்திட்டியளோ?”

“உமக்காகத்தானே வைச்சனான்.”

“அப்ப உங்கட காலைக் குடுத்திருக்கலாமே. இனி நான் நடக்காட்டி அந்தக் குற்றம் ஆருக்கு? வாக்குக் குடுத்த உங்களுக்கோ, நடக்காத எனக்கோ?”

அதுவரை அவரைப் பிடித்திருந்தது நோவும் மனச்சோர்வும் மட்டும். அன்று முதல் தெய்வக் குற்றம் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. பயிற்சிப் பெண்ணை வரவேண்டாம் என்றே சொல்லிவிட்டார். சிவராத்திரி வந்தது, போனது. அவர் படுக்கையிலேயே கிடந்தார். அன்று நான் திருநீறு கொண்டுவந்து பூசியபோது கண்ணீர் விட்டார்.

சிவராத்திரி கழிந்து சில நாட்களில் முஸ்லிம் அன்பர்களின் நோன்பு மாதம் தொடங்கியது. எங்களுக்குக் கீழ் மாடியில் ஹசீனா என்றொரு பெண்மணி இருக்கிறார். பிள்ளைகள் கல்யாணம் முடித்துப் போய்விட, கணவரோடு வாழ்பவர். லிஃப்டில் என்னைக் கண்டு, “மாமா, மாமிக்கு நோன்புக் கஞ்சி கொண்டு வரட்டா?” என்று கேட்டார்.

“நாங்கள் சைவம், பிள்ளை. மச்சம் மாமிசம் தொடமாட்டம்.”

“தெரியுமே மாமா. எறச்சி போடாம, புதுச் சட்டியில வேறயாக் காய்ச்சித் தாரன். தேங்காய்ப்பாலும் இஞ்சியும் மட்டும்தான். அதுக்கும் ஏதாலும் சட்டம் ஈக்கா?”

அவர் கேட்ட விதத்தில் எனக்குப் பல வாரங்களுக்குப் பிறகு சிரிப்பு வந்தது. “சட்டம் இல்லைப் பிள்ளை” என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாலைப் பூசைக்குக் கோவிலுக்குப் போனேன். எங்கள் கதவை இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். உள்ளேயிருந்து பிடியைத் திருகினால் திறக்கும். அதனால் சாவியோடு புறப்பட்டேன். கஞ்சியின் நினைவே எனக்கு இருக்கவில்லை.

அன்று நான் எதையும் பாடவில்லை. கைகூப்பி நின்றேன். “பெருமானே, எனதல்லாத ஒன்றை உனக்குத் தருவதாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பயத்தை என் மனைவியிடமிருந்து எடுத்துவிடு. குற்றம் இருந்தால் என் மேல் வை. அவர் நடந்தாலும் நடக்காவிட்டாலும், இந்த ஊரில் ஒவ்வொரு நாளையும் அவரோடு பொறுமையாக வாழ்ந்து முடிக்கத் தெம்பு தா.” கேட்பதற்கு வேறெதுவும் என்னிடம் இருக்கவில்லை. தீபாராதனை மணி அடித்தது. வீடு திரும்பினேன்.

எங்கள் வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே பார்த்தால், வாசலருகே கதிரையில் உட்கார்ந்தபடி மங்கையர்க்கரசி! முன்னால் வோக்கர். மடியில் கஞ்சிக் கோப்பை. எதிரே தரையில் ஹசீனா பேரீச்சம்பழத்தைக் கடித்தபடி எங்கள் வீட்டுச் செம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“மாமா! மாமி நடந்து வந்து கதவத் தொறந்தா! நான் பேயெண்டு பயந்துட்டன்!”

“பேய்க்குக் கஞ்சி கொண்டு வந்தனீரோ?” என்றார் மங்கையர்க்கரசி. அது பழைய மங்கையர்க்கரசியின் குரல்.

நடந்ததை அவரே சொன்னார். “இந்தப் பிள்ளை கதவில தட்டிக் கூப்பிட்டுது. பழக்கதோசத்தில ‘வாறன்’ எண்டு சொல்லிப்போட்டன். அந்த நேரம் பாத்துப் பள்ளிவாசல்ல நோன்பு திறக்கிற வாங்கு சொல்லுது. பகல் முழுக்கத் தண்ணியும் குடியாத பிள்ளை, நோன்பு திறக்காமல் எங்கட வாசல்ல நிக்குது. வாறன் எண்டு சொல்லிப்போட்டுக் கிடக்கேலுமே?”

“நொந்ததோ?”

“நொந்ததுதான். செத்துப்போவன் எண்டு நினைச்சன். கதவுப் பிடியில கை பட்ட பிறகுதான் விளங்கிச்சு, நான் நிக்கிறன் எண்டு.”

கோவிலில் மணி அடித்த நேரமும் பள்ளிவாசலில் வாங்கு ஒலித்த நேரமும் ஒன்றே. நான் என் நிபந்தனையை எல்லாம் கைவிட்டு நின்ற அந்தக் கணத்தில், அவர் கட்டிலை விட்டு இறங்கியிருக்கிறார். இதைத் தற்செயல் என்பவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. எனக்கு அது பதில். நான் குறித்துக் கொடுத்த நாளில் வராத பதில், நோன்பிருந்த ஒரு பெண்ணின் கையில் கஞ்சியாக வந்தது.

அதன் பிறகு எல்லாம் எளிதாகிவிடவில்லை. மறுநாள் கால் வீங்கி மிகவும் வேதனைப்பட்டார். ஆனாலும் பயிற்சிப் பெண்ணை மீண்டும் வரச் சொல்லியது அவரே. மருத்துவர் இன்னும் விமானம் ஏற அனுமதி தரவில்லை. வாளிகளை இப்போதும் நான்தான் நிரப்புகிறேன். கடையில் மட்டும் வாய் திறந்து பாண் கேட்கப் பழகிவிட்டேன்.

நேர்த்தி என்னாவது என்ற பயம் மட்டும் மங்கையர்க்கரசியின் மனத்தில் மிஞ்சியிருந்தது. இன்று காலை முச்சக்கரவண்டியில் அவரைக் கோவிலுக்கு அழைத்துப் போய்க் குருக்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “வாக்குக் குடுத்தது ஆர்? நீங்கள்தானே? அப்ப நீங்கள் மூண்டு தரம் சுத்துங்கோ. அம்மா இருந்து எண்ணட்டும்” என்றார்.

நான் சுற்றினேன். முழங்கால் நோவெடுத்தது. இரண்டாம் சுற்றில் தூணைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றேன். வாசலில் கதிரையில் இருந்தபடி மங்கையர்க்கரசி குரல் கொடுத்தார்.

“நிண்டு கள்ளம் செய்யாதேங்கோ. இன்னும் ஒண்டு கிடக்கு!”

அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் பாடிக்கொண்டே மூன்றாம் சுற்றை முடித்தேன். பாட்டு இடையில் நிற்கவில்லை.

அன்பர்களே, அயலூரில் நோயோடும் தனிமையோடும் நாளைக் கடத்துபவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். இறைவனுக்கு நாள் குறித்துக் கொடுக்காதீர்கள். உங்கள் களைப்பை மறைக்காமல் அவன் முன் கொண்டுபோய் வையுங்கள். அவன் எந்த வாசலால் வருவான் என்று நாம் அறியோம்.

இதை வாசிக்கும் எல்லோருடைய கால்களுக்கும் வலிமை உண்டாகுக. நோயில் கிடப்போர் எழுந்திருப்பாராக. தூர தேசங்களில் இருப்போர் நலமாக வீடு சேர்வாராக. எல்லோர் இல்லத்திலும் அருள் நிறைந்து நிற்பதாக.