தகரக் குழலில் போன கோல்

சிரம்பான் மண்டபத்தில் மேடையை ஒட்டிய மேசைமேல் அந்தத் தகரக் குழலை வைத்திருந்தார்கள். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி வளைத்து ஈயம் வைத்து ஒட்டியது. வாய் வைத்துக் கத்தும் இடத்தில் சுற்றியிருந்த சைக்கிள் டியூப் காய்ந்து வெடித்திருந்தது. பழைய ரப்பர் தோட்டத்துப் பந்தாட்டக்காரர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் விழா அது. குழலுக்கும் ஒரு மாலை போட்டிருந்தார்கள். எனக்கென்னவோ அது பிடிக்கவில்லை. குழல் சொன்னதையெல்லாம் நம்பியவர்கள் வேண்டுமானால் மாலை போடட்டும்.

குழலுக்குச் சொந்தக்காரர் எங்கள் தோட்டத்து ஸ்டோர் கிராணி, சாமான் கணக்குப் பார்ப்பவர். மற்ற நாட்களில் எங்களுக்குப் பங்கீட்டு அரிசி அளந்து போடுவார்; ஞாயிற்றுக்கிழமை பந்தாட்டத்தைக் குழலில் சொல்வார். அது மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி. திடலோ வேலிக்கு வெளியே, புகைக்கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. ஆட்டக்காரர்களையும் கிராணியையும் தவிர வேறு யாரையும் வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். அதனால் தோட்டமே வேலிக்குள் உட்கார்ந்து அவர் குரலில்தான் ஆட்டம் பார்த்தது. வாசல் காவலர்களும் அப்படித்தான். "பந்து வருது, வருது... ஐயோ, மண்டோர் மகன் விட்டுட்டான்லா!" என்று அவர் கத்தினால், லயத்துப் பெண்கள் தங்களை வேலை வாங்கும் மண்டோரின் மகன் என்றும் பாராமல் அவனைத் திட்டுவது திடல்வரை கேட்கும். அப்படி ஒரு குரலை அதற்குப் பிறகு நான் வானொலியில்கூடக் கேட்டதில்லை. பொய்யனாக இருந்தாலும் மன்னன்.

யாரும் யாரையும் நம்பாத காலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறு போய்விடக்கூடாது என்று, பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போகும்போது காவலர்கள் எங்கள் தூக்குச்சட்டியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரன் இருமினால்கூட யாருக்குச் சைகை காட்டுகிறான் என்று யோசிப்போம். நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. எனக்கு அந்தக் காலம் தோதாகவே இருந்தது.

பெடாஸ் பக்கத்துத் தோட்டம் எங்களோடு ஆட வந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல தூறல். எங்கள் இடது விங் ஆடியவன் என் வயதுக்காரன்; வெறுங்காலில் அவன் ஓடினால் பிடிக்க ஆளில்லை. இடைவேளையில் வயிறு சரியில்லை என்று பால்மரங்களுக்குள் போனான். ஆட்டம் மறுபடி தொடங்கியது. அவன் வரவில்லை. பத்துப் பேரோடுதான் ஆடினோம். ஆனால் குழலில் மட்டும் அவன் ஓடிக்கொண்டே இருந்தான். "இடது விங் வாங்குறான், வெட்டுறான், போறான்!" பெடாஸ்காரர்களுக்கு எங்களில் யார் எவர் என்று தெரியாது. எனக்குத் தெரியுமே!

நான் பின்னால் நிற்கும் பேக். அன்று என்ன வேகத்திலோ ஒரு பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறி, அடித்தேன். வலது மூலையில், தரையோடு போய் விழுந்தது. என் ஆயுசில் நான் அடித்த ஒரே கோல் அது. கைகளைத் தூக்கிக்கொண்டு திரும்பினால், குழல் அலறுகிறது: "கோல்! இடது விங் அடிச்சிட்டான்!" வேலிக்குள் தகரம் தட்டி ஆரவாரம். எல்லாம் திடலிலேயே இல்லாதவனுக்கு.

ஆட்டம் முடியும் தறுவாயில் அவன் மரங்களுக்குள்ளிருந்து நனைந்து வந்து எங்களோடு கலந்துகொண்டான். வாசலில் தலை எண்ணிப் பார்த்து உள்ளே விட்டார்கள். நான் நேராகக் கிராணியிடம் போனேன்.

"ஐயா, கோல் நான் அடிச்சது."

அவர் குழலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "குழல்ல சொன்னது சொன்னதுதான் தம்பி. போய்க் குளி."

மறுநாள் போலீஸ் லாரி வந்தது. ஆற்றோரப் பால்மரங்களுக்கு நடுவே ஒரு மூட்டை அரிசி கிடந்ததாம், ஞாயிறு சாயங்காலம் யாரோ கொண்டுபோய் வைத்தது. காட்டுக்கு அரிசி கொடுத்தவன் என்று ஆனால் காவலில் வைப்பார்கள், இல்லையென்றால் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். ஆட்டக்காரர்கள்தான் வெளியே போனவர்கள். எங்களை ஒவ்வொருவராக ஆபீசுக்குள் கூப்பிட்டார்கள். வாசலில் இடது விங்கின் மனைவி கைக்குழந்தையோடு நின்றாள். உள்ளே ஒரு மூலையில் கிராணி நின்றார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"நேத்து கோல் அடிச்சது யாரு?" என்றார் அதிகாரி. "இடது விங்குன்னு வாசல் காவலுக்குக் காதுல விழுந்திருக்கு; அப்படின்னா அவன் திடல்லதான் இருந்திருக்கான். நீ கண்ணால பாத்தவன். சொல்லு."

வெளியே அந்தக் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"அவன்தாங்க," என்றேன்.

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். லாரி காலியாகத் திரும்பியது. எனக்குத்தான் தூக்கம் போயிற்று. மூட்டை அரிசி ஒரு தோட்டத்தில் யார் கையில் இருக்கும்? ஸ்டோர் கிராணி கையில்தானே? அப்படியென்றால் அவர் குழலில் காப்பாற்றியது அவனையா, தன்னையா? அல்லது பாவம், வயிற்றுவலிக்காரன் ஒருவன் மாட்டிக்கொள்ளக்கூடாது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாரா? அதற்குப் பிறகு எனக்கு அளந்த அரிசியைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். ஒரு மணிகூட அதிகம் விழவில்லை. கொஞ்சம் கூட்டிப் போட்டிருந்தால் குற்றவாளிதான் என்று நிம்மதியாக முடிவு கட்டியிருப்பேன். அந்த மனிதர் அதற்கும் வழி விடாமல் செத்துப்போனார்.

இப்போது மண்டபத்தில், பொன்னாடை போர்த்திய இடது விங் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இருவருக்கும் பல் இல்லை. பெடாஸ்காரர்களுக்கு எதிராக அடித்த அந்தக் கோலைப் பற்றி அவரே சொல்வார் என்று மேடையில் அறிவித்தார்கள். அவன் எழுந்திருக்காமல் என் பக்கம் சாய்ந்தான்.

"டேய், அந்தக் கோலு எந்தப் பக்கம்டா போச்சு?"

"கிராணிதான் அந்தக் கத்து கத்துனாரே, கேக்கலையா?"

"கேக்கலைடா," என்றான். "நான் இருந்த எடத்துக்கு அவ்ளோ தூரம் கேக்கலை."

அவன் முகத்தையே பார்த்தேன். அரிசி யாருடையது என்று கேட்க வாயெடுத்தேன். மேடையில் இரண்டாம் முறை அவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"வலது மூலை," என்றேன். "தரையோட."

தடியை ஊன்றிப் போய், தகரக் குழல் இருந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று மைக்கில் சொன்னான். தூறலையும், தட்டிக்கொண்டு முன்னேறியதையும், பந்து தரையோடு போனதையும் கிராணியே தோற்றுப்போகும் அளவுக்குச் சொன்னான். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. எல்லோரையும்விட நான்தான் பலமாகத் தட்டினேன். என் கோல் அல்லவா.