அம்மன் ஏறும் வண்டிக்கு எத்தனை இன்ச்

மாசி மகத்தன்று எங்கள் ஊர் அம்மன் கடலுக்குப் போவாள். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற வழியில் உள்ள ஊர் எங்களுடையது. ஒரு காலத்தில் மாட்டு வண்டியில் போனவள் இப்போது எங்கள் பிக்கப்பில் போகிறாள். மற்ற நாட்களில் சிங்கப்பெருமாள் கோயில் ஊர்ப் பக்கத்துக் குடோனில் சரக்கு ஏற்றுகிற வண்டிதான். அன்றைக்கு மட்டும் கழுவி, மஞ்சள் தடவி, பின்னால் பலகை அடித்துவிட்டால் அதுதான் தேர்.

வண்டியில் ஏறியவள் கடல் தண்ணீரில்தான் இறங்க வேண்டும், நடுவில் இறக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். காப்புக் கட்டி அவளோடு ஏறுகிறவர்களுக்கும் அதே சட்டம்.

போன வருஷம் அந்தத் தேர் மணலில் உட்கார்ந்துவிட்டது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டினால் கடல் வரைக்கும் மணல் பாதை. பாரத்தில் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, அடியில் தொங்கிய ஸ்டெப்னி டயர் கலப்பை மாதிரி மணலை உழுது, அப்படியே நின்றுவிட்டது. அலை கண்ணெதிரே தெரிந்தது, அவளால் போக முடியவில்லை. குடத்தில் கடல் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றித் திருப்பி அழைத்து வந்தார்கள்.

"அம்மாவுக்கு இந்த வண்டி புடிக்கல" என்று யாரோ ஒரு வார்த்தை விட்டார்கள். ஊரெல்லாம் சுற்றி அது எங்கள் வாசலுக்கே வந்தது. என் வீட்டுக்காரர் அதற்கப்புறம் கோயில் தெருவிலேயே நடக்கவில்லை, சுற்றிக்கொண்டு போவார். சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்திருப்பார். இந்த வருஷமும் நின்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதென்று ஊரில் முடிவாகியிருந்தது.

அப்போதுதான் வண்டியை உயர்த்துகிற பேச்சு வந்தது. செல்லில் வெளிநாட்டுப் பிக்கப்புகளாகப் பார்க்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றும் மாடி வீடு உயரம்.

"நாலு இன்ச் தூக்கிடலாம்மே. எந்த மணலுக்கும் போவும்."

"தூக்கிட்டு? திருப்பத்துல குடையோட அம்மன் ஆடுவா. எஃப்.சி.க்கு எடுத்துகினு போனா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அப்புடியே திருப்பி அனுப்புவான். நான் ஏறணும்னா நீ ஏணி வாங்கிக் குடுப்பியா?"

அவருக்கு ரோஷம் வந்து செல்லைக் கவிழ்த்து வைத்தார். ஆனால் மறுநாளே என்னையும் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டு பைபாஸ் ஓரத்துப் பட்டைக் கடைக்குப் போனார். லாரி, பிக்கப்பின் அடியில் அடுக்கடுக்காக வளைந்திருக்குமே, அந்த இரும்புப் பட்டைகளுக்கு வளைவு கொடுக்கிற கடை அது.

அங்கே வழி பல இருந்தது. ஏக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்தால் வண்டி உடனே உயரும், ஆனால் பாரம் ஏறினால் பழையபடி தாழும். கனமான பட்டைகளாக அடுக்கினால் தாழாது, ஆனால் காலி வண்டி குதிக்கும், மேலே இருப்பவள் குலுங்குவாள். நான் கேட்டுக்கொண்டே உலையைப் பார்த்தேன். சிவக்கச் சிவக்கக் காய்ந்த பட்டையை அடித்து வளைத்து எண்ணெயில் முக்கினார்கள். புஸ்ஸென்று புகை எழுந்தது. இவ்வளவு காலம் அந்த வண்டியில் உட்கார்ந்து போயிருக்கிறேன், எனக்குக் கீழே இப்படி ஒன்று வளைந்து வளைந்து தாங்கியது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. உடம்பு சிலிர்த்துவிட்டது.

கடைசியில் இரண்டு இன்ச் என்று முடிவு செய்தோம். பட்டைகளுக்குப் புது வளைவு, கூட ஒரு பட்டை. ஸ்டெப்னியையும் கழற்றிவிட்டோம். அம்மன், பலகை, ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் ஈடாக நெல் மூட்டை ஏற்றி, ஏரிக்கரை மணலில் ஓட்டிப் பார்த்தோம். வண்டி ஜம்மென்று போனது. அவர் பல மாதத்துக்கப்புறம் சிரித்தார்.

காப்புக் கட்டி ஏறுகிறவர்களை மட்டும் நாங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. அம்மனோடு வருகிறவர்களைப் பாரம் என்று நினைக்கிற பழக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது.

இந்த வருஷ மாசி மகத்துக்கு நானும் வேண்டிக்கொண்டு காப்புக் கட்டி, வண்டியில் பூசாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கோயிலில் ஏறியது கொஞ்சம் பேர். வழியிலுள்ள சொந்த பந்தமெல்லாம் காப்போடு காத்திருந்து ஏறிக்கொண்டே வந்தது. சவுக்குத் தோப்பு முடிந்ததும் வண்டி மணலில் இறங்கியது. கொஞ்ச தூரம் போய் இரைந்தது, டயர் சுற்றியது, நின்றது. போன வருஷம் நின்ற அதே இடம்தான்.

எட்டிப் பார்த்தேன். பின் பம்பர் மணலைத் தொட்டுக்கொண்டிருந்தது. முன்னால் அவர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துவிட்டார்.  நெல் மூட்டைக் கணக்கில் வராத பாரம் என்னைச் சுற்றி நெருக்கியடித்து நின்றது. குதித்துவிட்டேன்.

பூசாரி பதறிப்போனார். "ஏம்மா, இன்னா பண்ற? காப்பு கட்டிகினு கால தரையில வெக்கிற!"

"அம்மா போவட்டும் சாமி. குத்தம் எனக்கே வரட்டும்."

என்னைப் பார்த்து இரண்டு பெண்கள் இறங்கினார்கள். பிறகு மேளக்காரர். அடியில் கிறீச்சென்று ஒரு சத்தம். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து பழையபடி வளைந்தன. மேலே அம்மன் ஒரு விரற்கடை உயர்ந்தாள். இன்னும் பேர் இறங்க இறங்க இன்னும் உயர்ந்தாள். குடையின் குஞ்சலம் ஆடியது, மூக்குத்தியில் வெயில் பட்டது. உட்கார்ந்திருந்தவள் எழுந்திருப்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். அது இரும்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை கூப்பிவிட்டேன்.

"எந்திரிக்கிறா, அம்மா எந்திரிக்கிறா!" என்று பூசாரியே கத்திக்கொண்டு இறங்கினார்.

அம்மன் மட்டும் மேலே இருக்க, ஊரே மணலில் கூட நடந்தது. வண்டி நிற்கவே இல்லை. முன் டயரில் அலை வந்து மோதியதும் ஊர் போட்ட சத்தத்தில் கடல் இரைச்சலே கேட்கவில்லை.

தீர்த்தமாடி முடிந்து, ஈரப் புடவையோடு அவளை மறுபடி பலகையில் ஏற்றினார்கள். நான் போய் வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பூசாரி வெளியிலிருந்து கதவைத் தட்டினார்.

"இன்னா நைனா பாத்துகினு கீற? அம்மா உன் வண்டில குந்திட்டா. எடு."

அவர் சாவியைப் பிடித்தார். திருகாமல், பின் கண்ணாடி வழியாக அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் எட்டி, அவர் கைமேல் கை வைத்துத் திருகினேன்.