நாலாவது வருடத்துக்கான வாரண்டி

அந்த வாரண்டி தனக்குத் தேவையே இல்லை என்பது, கார் வீட்டுக்கு வந்த அன்றே லிஃப்ட்காரருக்குத் தெரியும். தெரிந்தும் அதை ஜவ்வாக இழுத்தார். கஞ்சன் என்று ஷோரூமில் நினைத்திருப்பார்கள். வயசாகிவிட்டது, ஒரு முடிவுக்கு வர முடியவில்லை என்று மருமகன் நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும். அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க இங்கே யாருக்கு நேரம் இருக்கிறது?

விஷயம் சின்னது. புதுக் காருக்குக் கம்பெனியே மூன்று வருட வாரண்டி கொடுக்கிறது. வாங்கிய முதல் மாதத்துக்குள் தனியாக ஒரு தொகை கட்டினால், நாலாவது வருடமும் ஐந்தாவது வருடமும் சேர்த்துக் கொடுப்பார்கள். அதற்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று பெயர். கட்டலாம், கட்டாமலும் விடலாம். மாதம் முடிந்தால் வாசல் மூடிவிடும்.

பெயருக்கு ஏற்றபடி அவர் ஆயுசு முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர். குடியிருந்தது என்னவோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில். இதைச் சொல்லிச் சொல்லியே அவர் மனைவி ஊரைச் சிரிக்க வைப்பார். "ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் மேல தூக்கி விடுவார். என்னை மட்டும் படியேற விட்டுடுவார்" என்பார். அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள். வேலை, கணவர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை என்று வேறு ஊரில் இருக்கிறாள். அம்மாவின் காரியத்துக்கு வந்து போனதோடு சரி, அதற்குப் பிறகு நேரில் வர வாய்க்கவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கம்பெனி வேனைத் திருப்பிக் கொடுத்தார். அந்த வேனில்தான் அவர் பாதி வாழ்க்கை ஓடியது. பின்னால் கிரீஸ் டப்பா, ஸ்பானர் பெட்டி, முன்னால் டிபன் டப்பா. வேன் போனதும் கை ஒடிந்தது போல ஆகிவிட்டது. "ஒரு கார் வாங்கிக்கோங்கப்பா. நினைச்சா கிளம்பி இங்க வரலாம்" என்று மகள்தான் சொன்னாள். நினைச்சா வரலாம் என்பதை அவர் அப்படியே நம்பினார். வாங்கிய பிறகு, எப்போது வரட்டும் என்று கேட்க வாய் வரவில்லை. அவளும் எப்போது வருகிறீர்கள் என்று கேட்கவில்லை. கார் கீழே நின்றது. பக்கத்து சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் கழற்றவில்லை. அதில் உட்கார யாரும் வரவில்லை.

மகள் போன் செய்யாதவள் என்று சொன்னால் பாவம். வாரம் தவறாமல் செய்வாள். சமையலறையில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுவாள். "சாப்டீங்களா?" "சாப்டேன்." "மாத்திரை போட்டீங்களா?" "போட்டேன்." "உடம்பு எப்படி இருக்கு?" "நல்லா இருக்கு." அப்புறம் அது வந்துவிடும்.

"வேற என்னப்பா?"

பார்த்தால் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் கேள்வி இல்லை. வந்த விருந்தாளி செருப்பைத் தேடுவது போன்றது அது. வேற ஒண்ணும் இல்லை என்பதுதான் அதற்குப் பதில். வேறு பதில் சொல்கிறவன் விவரம் கெட்டவன். லிஃப்ட்காரர் விவரம் தெரிந்தவர். "வேற ஒண்ணும் இல்லம்மா" என்பார். "சரிப்பா, வச்சிடட்டுமா?" என்று அவள் வைத்துவிடுவாள். அதற்குப் பிறகு வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும் இருக்கும்.

கார் வந்த வாரம் அவள் அதேபோல "வேற என்னப்பா?" என்றாள். லிஃப்ட்காரருக்கு அன்று வாய் தவறிவிட்டது.

"வேற... எக்ஸ்டெண்டட் வாரண்டின்னு ஒண்ணு சொல்றாங்க. எடுக்கலாமா வேணாமான்னு தெரியல."

அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் நின்றது. நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. மகள் உட்கார்ந்தாள். அவரோடு பேச அவள் உட்கார்ந்து எத்தனை காலம் ஆயிற்று!

"என்ன வாரண்டி? யார் சொன்னா? கையெழுத்து எதுவும் போட்டுடலையே?"

"போடல, போடல."

"போடாதீங்க. பாதிக்குப் பாதி தலையில கட்டற வேலைப்பா இது. நான் படிச்சுப் பாத்துட்டு நாளைக்குக் கூப்பிடறேன்."

மறுநாள் கூப்பிட்டாள். வாரம் முடியும் வரை காத்திருக்காமல், தானாகக் கூப்பிட்டாள். லிஃப்ட்காரர் போனை எடுப்பதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொண்டார், ஏதோ மேடையில் பேசப் போகிறவர் போல.

இங்கே அவருடைய தொழிலில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். லிஃப்ட் நடுவில் நின்று யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால், ஒருவர் மோட்டார் அறைக்கு ஓடுவார். இன்னொருவர் லிஃப்டுக்குள் இருக்கும் போனில், உள்ளே மாட்டியவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். போனை வைக்கவே கூடாது. வைத்தால் உள்ளே இருப்பவர் பயந்து கதவை உடைக்கப் பார்ப்பார். என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். வீட்டில் யார் யார், என்ன வேலை, சட்டை என்ன கலர், எந்தக் கடையில் எடுத்தது. பதில் முக்கியமில்லை. ஒரு கேள்வி முடிவதற்குள் அடுத்த கேள்வி தயாராக இருக்க வேண்டும். இதில் லிஃப்ட்காரரை அடிக்க ஆளில்லை. ஒரு தடவை, உள்ளே மாட்டியிருந்த கல்யாணத் தரகரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போய், வெளியே வருவதற்குள் தன் உதவியாளனுக்கு வரன் பார்க்கச் சொல்லிவிட்டார்.

அந்த வித்தையை இப்போது மகளிடம் காட்டினார். காலையில் ஷோரூமுக்குப் போன் போட்டுச் சந்தேகம் கேட்பார். மகள் இப்போது தினமும் சாயங்காலம் கூப்பிட்டாள்; அந்தச் சந்தேகத்தை அவளிடம் கொண்டுபோவார்.

"கியர்பாக்ஸ் அதுல உண்டாம்மா?" என்று ஷோரூம் பெண்ணிடம் கேட்டார்.

"உண்டு சார்."

"ஏசி?"

"அதுவும் உண்டு சார்."

"எலி வயரைக் கடிச்சா?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எலிக்கு நாங்க பொறுப்பில்ல சார்."

சாயங்காலம் மகளிடம், "எலி கடிச்சா தர மாட்டாங்களாம்" என்றார், பெரிய துப்பு துலக்கியவர் மாதிரி.

"உங்க வண்டில எலி எங்கப்பா வந்துச்சு?"

"இன்னும் வரல. வந்தா?"

மகள் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா இருந்தபோது அவள் அப்படிச் சிரிப்பதுண்டு. அன்று ராத்திரி லிஃப்ட்காரர் ஒரு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

வாரண்டி வேண்டாம் என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். லிஃப்டில் மோட்டார் லேசில் கெடாது, கயிறு லேசில் கெடாது. கெடுவதில் முக்கால்வாசி கதவுதான். ஏனென்றால் கதவோடுதான் மனிதர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். காலை விட்டுத் தடுப்பார்கள், பையால் இடிப்பார்கள், பிள்ளைகள் தொங்குவார்கள். ஆள் புழங்காத பொருள் அவ்வளவு சீக்கிரம் கெடாது. அவருடைய கார் காய்கறிக் கடைக்குப் போகிறது, வருகிறது. உள்ளே ஒரே ஆள். கதவைப் பூப்போலச் சாத்துகிறவர். அது நாலாவது வருடத்தில் எதற்குக் கெடப்போகிறது? ஆனால் இதைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். அவருக்கு வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. இவ்வளவுதான் சமாச்சாரம். இதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் கியர்பாக்ஸைப் பற்றிக் கேட்டார்.

ஒருநாள் ரேடியேட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து மருமகன் குரல் கேட்டது.

"இன்னும் அந்தக் கார் விஷயம்தானா?"

கோபமாகச் சொல்லவில்லை. நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்த மனிதர் அலுப்பில் கேட்டது. மகள் "உஷ்" என்றாள். அந்த "உஷ்"தான் லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. நோயாளி இருக்கும் அறையில் அப்படித்தான் சொல்வார்கள். "சரிம்மா, நீ வேலையைப் பாரு" என்று அன்று முதல் தடவையாக அவரே போனை வைத்தார்.

அடுத்த நாள் அவள் கூப்பிடவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. போனுக்கு சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தார். சத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்த்தார். வீட்டு லேண்ட்லைனிலிருந்து தன் செல்லுக்கே ஒரு போன் போட்டும் பார்த்தார். மணி கணீரென்று அடித்தது. போனில் கோளாறு எதுவும் இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, காரை எடுத்து, கடைத்தெருவைச் சுற்றி வந்து, அதே இடத்தில் நிறுத்தினார். இறங்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

மாதக் கடைசி நெருங்கியபோது ஒரு மத்தியானம் ஷோரூம் பெண் கூப்பிட்டாள்.

"சார், நல்ல செய்தி. உங்க எக்ஸ்டெண்டட் வாரண்டி ஆக்டிவேட் ஆயிடுச்சு."

"நான் எதுவும் கட்டலையேம்மா."

"உங்க பொண்ணு ஆன்லைன்ல கட்டிட்டாங்க சார். அப்பாவுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொன்னாங்க. கொடுத்து வச்சவர் சார் நீங்க. இனிமே என் தொல்லை உங்களுக்கு இருக்காது."

சந்தோஷமாகத்தான் சொன்னாள். இனி எதுவாக இருந்தாலும் சர்வீஸ் நம்பரில் பேசுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். லிஃப்ட்காரர் சாயங்காலம் வரை காத்திருந்து மகளைக் கூப்பிட்டார். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லிட்டாங்களா?" என்றாள் மகள். குரலில் குதூகலம். "பாவம், ஒரு மாசமா இதையே நினைச்சுக் கஷ்டப்படறீங்களேன்னு நாங்களே கட்டிட்டோம்பா. இனிமே நீங்க இதைப் பத்தி யோசிக்கவே வேண்டாம்."

"ரொம்ப தேங்க்ஸ்மா."

"என்னப்பா, யாரோ மாதிரி தேங்க்ஸ் எல்லாம் சொல்றீங்க?"

அவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"வேற என்னப்பா?"

கையில் கேள்வி எதுவும் இல்லை. ரேடியேட்டர் முடிந்தது, எலி முடிந்தது, நாலாவது வருடமும் ஐந்தாவது வருடமும் கட்டி முடிந்துவிட்டது. வேற ஒண்ணும் இல்லம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"அந்த வாரண்டி வேணாம்னு எனக்கு மொத நாளே தெரியும்மா."

"என்னது? அப்புறம் எதுக்குப்பா தெனமும் கேட்டுக்கிட்டே இருந்தீங்க?"

அவர் சொல்லாமலே காரணம் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் தண்ணீர் நின்றது. பிள்ளை ஏதோ கேட்டது, "அப்புறம்" என்று அதை அனுப்பினாள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு போனைக் காதில் வைத்துக்கொண்டாள் போலிருக்கிறது, குரல் பக்கத்தில் வந்துவிட்டது.

"அப்பா."

"ம்."

"சொல்லுங்கப்பா. நான் கேக்கறேன்."

இதற்குத்தான் ஒரு மாதம் பாடுபட்டார். வந்துவிட்டது. இப்போது என்ன சொல்வது? காலையில் எழுந்தேன், சட்டை துவைத்தேன், காயப் போட்டேன். இதையெல்லாமா சொல்வது? ஊரில் எத்தனை பேரை லிஃப்டுக்குள் பேச வைத்த மனிதர், தன் மகளிடம் பேசத் தெரியாமல் நின்றார். கடைசியில் தெரிந்ததைக் கேட்டார்.

"அதுல கியர்பாக்ஸ் உண்டாம்மா?"

ஏற்கெனவே பல தடவை கேட்டதுதான். மகளுக்கும் அது தெரியும். உண்டுப்பா என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். அவள் முடிக்கவில்லை.

"இருங்கப்பா, பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன், மொதல்லேர்ந்து படிக்கறேன். கண்ணாடி எடுத்துக்கறேன்."

"கண்ணாடியா? நீ எப்போலேர்ந்து கண்ணாடி போடற?"

"ரெண்டு வருஷமாச்சேப்பா. படிக்கறதுக்கு" என்றாள். அலமாரி திறக்கும் சத்தமும் காகிதம் புரளும் சத்தமும் கேட்டன. பிறகு முதல் வரியிலிருந்து நிதானமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

லிஃப்ட்காரர் ஒரு வார்த்தையும் காதில் வாங்கவில்லை. கண்ணாடி போட்ட தன் மகளின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் அவர் மனக்கண்ணில் வரவில்லை.