தனியாக விட வேண்டிய மீன்

என் அண்ணன் நரேஷ் நாற்பத்தொரு வயதில், ஐந்து நாள் காய்ச்சலில் போனான். பொம்மசந்திராவில் பம்பு பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருடம் தரச் சோதனைப் பிரிவில் இருந்தான். கல்யாணம் ஆகவில்லை. ஜோகுபாளையத்து வீட்டின் முன்னறையில் அவன் விட்டுப்போனது நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று. அதில் ஏழு கடல் மீன்கள் இருந்தன.

கடலே இல்லாத ஊரில் உப்புத் தண்ணீர் மீன் எதற்கு என்று அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள். அவன் சிரித்தபடி வடிகட்டிய தண்ணீரில் உப்பைக் கொட்டிக் கலக்குவான்.

அவன் முதலில் வாங்கிய மீன் நீல நிறத்தில், பெருவிரல் அளவுதான் இருக்கும். எதையும் தாங்கும் என்று யாரோ சொல்லி வாங்கினான். தொட்டி முழுவதும் தனக்கே என்று அது எடுத்துக்கொண்டது. பின்னால் வந்த மீன்களை மூலையில் அடைத்து, வால் கிழியும்வரை கடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாறைகளை எல்லாம் வெளியே எடுத்து வைத்து, மூன்று மணி நேரம் போராடி அதைப் பிடித்துக் கடையில் திருப்பிக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு அழகைப் பார்த்து எதையும் வாங்கவில்லை. அல்சூரில் ஜெயராஜ் என்பவர் கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமைகளில் அங்கே போய் ஒரே மீனின் முன்னால் ஒரு மணி நேரம் நிற்பான். இரை எடுக்கிறதா, பக்கத்து மீனைத் துரத்துகிறதா, ஒளிகிறதா என்று பார்ப்பான். அடுத்த வாரமும் போய் அதையே பார்ப்பான்.

"நரேஷு, பொண்ணு பாக்கறவங்ககூட இவ்ளோ நேரம் பாக்க மாட்டாங்கப்பா," என்பாராம் ஜெயராஜ்.

"அங்கே புடிக்கலன்னா விட்டுட்டு வந்துடலாம் சார். இதுங்க எங்கே போகும்?"

வாங்குவதற்கும் ஒரு வரிசை வைத்திருந்தான். பயந்த சுபாவம் உள்ளவை முதலில். அவை இடம் பிடித்துக்கொண்ட பிறகுதான் கொஞ்சம் முரண்டு உள்ளவை. கோடு போட்ட கார்டினல் மூன்று, துடுப்பு நீண்ட ஃபயர் ஃபிஷ் ஒன்று, க்ளௌன் மீன் ஜோடி. கடைசியாக ராயல் கிராமா ஒன்று. முன்பாதி கத்தரிப்பூ நிறம், பின்பாதி மஞ்சள். அது வந்து நான்கு வருடம் ஆகிறது. அந்த நான்கு வருடத்தில் தொட்டிக்குள் ஒரு சண்டை கிடையாது. வேலை முடிந்து வந்து, சட்டைகூட மாற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பான்.

அம்மாவுக்கு அந்தக் கிராமாவைப் பிடிக்கும். பட்டு உடுத்தியதுபோல இருக்கிறது என்று மாப்பிள்ளை என்றே கூப்பிடுவாள். அதன் தனிமைதான் அவளுக்கு ஆகவில்லை.

"எல்லாம் கூட்டாளியோட சுத்துது. மாப்பிள்ளை மட்டும் ஒண்டியா பொந்துல கெடக்கறான். அதுக்கொரு ஜோடி வாங்கி வுடேன்டா."

"அதுக்கு ஜோடி சேர்த்தா கொலை விழும்மா."

"ஆமா, ஒனக்கும் அப்படித்தானே சொல்லிக்கினு இருக்கே."

மூவருமே சிரித்தோம். அண்ணனுக்குப் பதினோரு வருடம் பெண் பார்த்தாள் அம்மா. ஜாதகம் சேர்ந்தால் வேறொன்று சேராது. பிறகு ஒருநாள் அவன் போதும் என்றான். அவள் மட்டும் ஜாதகக் கட்டை பீரோவிலிருந்து அப்புறப்படுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் நான்காம் நாள், முகமூடியை விலக்கிக்கொண்டு என்னிடம் சொன்னான்: "வீணா, தண்ணி கோட்டுக்குக் கீழே எறங்கினா நல்ல தண்ணி ஊத்து. உப்பு போடாதே. புதுசா எதையும் உள்ளே வுடாதே. இருக்கறது இருக்கட்டும்."

சரி என்றேன். கோடு என்பது கண்ணாடியில் அவன் கறுப்பு மார்க்கரால் போட்டு வைத்தது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதை நான் மறக்கவில்லை. தகனம் முடிந்த மறுநாளிலிருந்து தினமும் ஊற்றினேன். அவன் சொன்ன மற்றதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. மீன் வாங்கும் நிலையில் வீட்டில் யார் இருந்தார்கள்?

பதினாறாம் நாள் கழிந்த வாரம் நான் ஆபீசுக்குப் போயிருந்தபோது, அம்மா ஆட்டோ பிடித்து அல்சூருக்குப் போனாள். கிராமாவின் படம் அவள் போனில் இருந்தது. அதை ஜெயராஜிடம் காட்டி, "இதே மாதிரி இன்னொண்ணு வேணும். நரேஷ் வாங்கிக்கினு வரச் சொன்னான்," என்றாள்.

ஜெயராஜுக்கு அண்ணன் இறந்தது தெரியாது. வேறு யார் கேட்டிருந்தாலும் தொட்டியில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று கேட்டிருப்பார். நரேஷ் அனுப்பியிருக்கிறான் என்றதும் இரண்டாவது தொட்டி வைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டார். "எப்படி இருக்கான், ஆளையே காணோம்?" என்று கேட்டிருக்கிறார். "இருக்கான், வேலை ஜாஸ்தி," என்றாளாம் அம்மா.

வீட்டுக்கு வந்து, அவன் செய்வதைப் பார்த்திருந்தபடியே பையைத் தண்ணீரில் அரை மணி நேரம் மிதக்க விட்டாள். தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்தாள். எல்லாம் சரியாகச் செய்தாள். மேலே அவன் கட்டியிருந்த வலை மூடியை மட்டும் திரும்பப் போட மறந்தாள்.

நான் சாயங்காலம் வந்தபோது பழைய கிராமா வாயைப் பிளந்துகொண்டு புதியதைக் கண்ணாடி ஓரமாக விரட்டிக்கொண்டிருந்தது. மற்ற மீன்கள் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. ஃபயர் ஃபிஷ்ஷைக் காணவில்லை. ஸ்டாண்டுக்குப் பின்னால் தரையில் காய்ந்து கிடந்தது. மிரண்டு எகிறியிருக்கிறது.

"சேர்ந்துக்கும்ல வீணா?" என்றாள் அம்மா. "புதுசுதானே. ரெண்டு நாள் போனா சேர்ந்துக்கும்."

மூன்றாம் நாள் புதியது கண்ணில் படவில்லை. எங்காவது பாறைக்குள் செத்து அழுகும் என்று பயந்து, அண்ணன் அன்று செய்ததுபோலப் பாறைகளை எடுத்தேன். கடைசிப் பாறைக்கடியில் அது செத்துக் கிடந்தது. அவன் எடுத்தபோது மணல் புதிது. இப்போது ஏழு வருடத்துக் கசடு அடியில் தங்கியிருந்தது. தண்ணீர் கருத்துப்போய் முட்டை அழுகின வாடை வந்தது. மறுநாள் கார்டினல்கள் மூன்றும் மிதந்தன. அதற்கு மறுநாள் க்ளௌன் ஜோடி.

ஜெயராஜுக்குப் போன் செய்தேன். வாளியும் சோதனைக் குப்பிகளுமாக வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்துவிட்டார். வாளியைக் கீழே வைத்தார்.

"அம்மா, அன்னிக்கு நரேஷ் இருக்கான்னு சொன்னீங்களே."

"நீங்க அவனை விசாரிச்சீங்கல்ல, அதான்," என்றாள் அம்மா. பிறகு சொன்னாள்: "கொலை விழும்னு சொன்னாம்பா. நான் வெளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சேன்."

என்னிடம் அவன் சொன்னதை அப்போதும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பாதித் தண்ணீரை மாற்றிக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டார் ஜெயராஜ். தலையசைத்து மறுத்தாள் அம்மா. மாலை போட்ட படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் போய்விட்டார். பணம் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

பழைய கிராமா இன்னும் இருக்கிறது. இரை போட்டாலும் வெளியே வருவதில்லை. இரை அடியில் போய்ப் படிகிறது. அதை நான் குழாயால் உறிஞ்சி எடுக்கிறேன். அம்மா முன்னறைக்கு வருவதில்லை. சாப்பாட்டைச் சமையலறையிலேயே முடித்துக்கொள்கிறாள். மருந்தும் வலையும் அண்ணனின் உப்புப் பையும் ஸ்டாண்டுக்குக் கீழே அப்படியே இருக்கின்றன.

இன்று தண்ணீர் கோட்டுக்கு அரை விரற்கடை கீழே இருந்தது. நல்ல தண்ணீர் ஊற்றினேன்.