செத்தவங்க பேரை அடிச்ச மெஷின்

எங்க ஊர்ல ஒரு ஆம்பளைய பேர் சொல்லித் தேடினா கெடைக்க மாட்டான். ஒரே லைன் வீட்டு வரிசையில நாலு பேருக்கு அதே பேரு இருக்கும். நம்பர் சொல்லிப் பாரு, பச்சக் கொழந்த கூட வீட்டக் காட்டும். தங்க மைன்ல சேந்த அன்னிக்கு ஒரு பித்தளை வில்லை குடுப்பாங்க. அதுல அடிச்ச நம்பர்தான் சாகற வரைக்கும் அவன். அவன் செத்தாலும் நம்பர் சாவாது. அப்பன் போனா மவன் ஆபீஸ் வாசல்ல நின்னு, "எங்கப்பா நம்பரையே குடுங்க சாமி"ன்னு கெஞ்சி வாங்கிக்குவான். வீடா வாசலா, எழுதி வைக்க எங்களுக்கு இன்னா இருந்துச்சு? நம்பர்தான் இருந்துச்சு.

எங்கப்பா ஏர் பிளாஸ்ட்ல போனாரு. கீழ பாறை தானா வெடிக்கறதுக்கு எங்க ஊர்ல அதான் பேரு. மேல வீட்ல அடுக்கி வெச்ச சட்டி பானையெல்லாம் உருளும், ஒடனே பொம்பளைங்க தலைய விரிச்சுப் போட்டுக்கினு சொரங்கத்துக்குள்ள எறங்கற ஷாப்டப் பாத்து ஓடுவாங்க. அன்னிக்கு அம்மாவும் நானும் ஓடினோம். சாக்குல கட்டித்தான் குடுத்தாங்க, தெறந்து பாக்க உடல. கொஞ்ச நாள்லயே அண்ணன் அந்த நம்பரோட கீழ எறங்கிட்டான். அவனுக்கு மீசை கூட சரியா மொளைக்கல. "நீ படிடி. ரெண்டு பேரும் எதுக்கு மண்ணு திங்கணும்"ன்னான். நான் மிசன் ஸ்கூல்ல படிச்சேன், டைப் அடிக்கக் கத்துக்கினேன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுங்க முடியற சமயத்துல மைன் ஆபீஸ்லயே மெஷின் ரூம்ல சேந்தேன்.

மொதல்லயே சொல்லிடறேன், நான் ஒண்ணும் சாது கெடையாது. எங்க வீட்ல யாரும் கெடையாது. நானும் அண்ணனும் சண்டை போட்டா ஆண்டர்சன்பேட்டை கடைத்தெரு வரைக்கும் கேக்கும்னு சர்ச்சுல பாதிரி ஐயர் கூட சிரிப்பாரு. வாயால சொன்னா கேக்கற பழக்கம் ரெண்டு பேருக்குமே இல்ல.

மெஷின் ரூம்ல ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு அட்டை. அட்டையில ஓட்டை ஓட்டையா போட்டு வெச்சிருப்போம். அந்த ஓட்டைங்களப் படிச்சு பேப்பர்ல எழுத்தா அடிக்க பீரோ மாதிரி ஒரு மெஷின். பாக்கத்தான் பெருசு, அதுக்கா ஒரு எழவும் தெரியாது. அட்டையில இந்த எடத்துல இருக்கறது பேப்பர்ல எந்த எடத்துல வரணும்னு நாமதான் சொல்லணும். அதுக்கு ஒரு போர்டு உண்டு, மாவு சலிக்கற சல்லடை அளவு, முழுக்க ஓட்டை. இந்த ஓட்டையிலருந்து அந்த ஓட்டைக்கு ஒயர் மாட்டி மெஷினுக்குள்ள தள்ளணும். "சல்லடை கட்டறது"ன்னு நாங்க சொல்வோம். ஒவ்வொரு மைன்லயும் ஒவ்வொரு விதமா அட்டை வெச்சிருந்தாங்க. ஒருத்தன் நம்பர மொதல்ல போடுவான், இன்னொருத்தன் கடைசியில போடுவான், மூணாவது ஆளு பேரையே ரெண்டா பிச்சுப் போடுவான். எல்லாம் ஒரே மாதிரி பேப்பர்ல எறங்கணும்னா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி சல்லடை கட்டணும். எனக்கு அந்த வேலைன்னா உயிரு. சோறு தண்ணி மறந்து கட்டுவேன்.

அப்புறம் பழைய மெஷினத் தூக்கிட்டு புதுசு கொண்டு வந்தாங்க. பங்காருபேட்டை வரைக்கும் ரயில்ல வந்து அங்கருந்து லாரியில வந்துச்சு. கூடவே பெங்களூர்லருந்து ஒரு ஆபீசர். கன்னடக்காரரு, தட்டுத் தடுமாறி தமிழ் பேசுவாரு, நாற்காலிய கர்ச்சீப்ல தொடச்சிட்டுத்தான் உக்காருவாரு. நாங்க பின்னாடி சிரிப்போம். ஆனா நல்ல மனுசன், பொய் சொல்லக் கூடாது. இனிமே வில்லை கெடையாது, வாரா வாரம் ஒவ்வொரு ஆளுக்கும் பேரும் நம்பரும் போட்டு மெஷினே ஷிப்ட் சீட்டு அடிச்சுக் குடுக்கும், சீட்டு இருந்தாத்தான் லாம்ப், லாம்ப் இருந்தாத்தான் கீழ எறங்கற கேஜ்ல எடம்ன்னு உத்தரவு போட்டாங்க. பழைய அட்டைங்கள புது மெஷின் அடிக்கணும்னா புது சல்லடை வேணும். மேல எடத்துலருந்து வந்த ஒயர் படத்தப் பாத்து அவரே கட்டினாரு.

படத்துல ஒரு விசயம் இல்ல. செத்த ஆளோட அட்டைய நாங்க தூக்கிப் போடறதில்ல, அந்த நம்பர்லதான் பொண்டாட்டிக்கு அரிசி வரும். அட்டையோட தலையில ஒரு ஓட்டை போட்டு, மவன் அட்டைக்கு முன்னாடி வெச்சிடுவோம். பழைய சல்லடையில அந்தத் தலை ஓட்டைக்குன்னே ஒரு ஒயர் உண்டு. ஓட்டை இருந்தா அந்த அட்டைய மெஷின் அடிக்காம உட்டுடும். இத அந்த ஆபீசருக்கு ஒருத்தரும் சொல்லல. மறைக்கணும்னு இல்ல. ஒரே நம்பர்ல அப்பனும் மவனும் இருப்பாங்கன்றது எங்களுக்கு சோத்துல உப்பு மாதிரி. அதப் போய் யாராவது எடுத்துச் சொல்லுவாங்களா? அவரு படத்துலயோ, ஒரே நம்பர் ரெண்டாவது தடவ வந்தா தள்ளிடுன்னு இருந்துச்சு. மொதல்ல அப்பன் அட்டை போச்சு, அப்பன் பேர அடிச்சுது. பின்னாடி வந்த மவன மெஷின் தள்ளிடுச்சு. சீட்டெல்லாம் யாரும் பாக்காமயே கட்டா கட்டி நேரா ஷாப்டுக்குப் போயிடுச்சு.

எங்க ஊர்ல செத்தவன் பேர ஷாப்ட் வாயில சொல்ல மாட்டாங்க. சொன்னா அவன் கீழருந்து பதில் குடுப்பான், இன்னும் ரெண்டு பேரத் தொணைக்கு இஸ்துக்குவான்னு பயம். உசுரோட இருக்கறவனுக்கு அதே பேரா இருந்தாலும் அங்க நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. அன்னிக்கு காலைல மொத ஷிப்ட். கேஜ்ல ஆள் ஏத்தற பேங்க்ஸ்மேன் வேலைக்குப் புதுசு, வெளியூரு. சீட்டப் பாத்து எங்கப்பா பேரக் கூப்பிட்டான். கூட்டமே கம்முனு ஆயிடுச்சாம். அவன் மறுபடியும் கூப்பிட்டான். "யார்யா அது, வாயில இன்னா கொழுக்கட்டையா?"ன்னு கேட்டான். அண்ணன் போய் கையில இருந்த டிபன் கேரியராலயே அவன் மூஞ்சியில போட்டான். பல்லு தெறிச்சுது. கீழ வுழுந்தவன ஒதைச்சான். கையில சிக்கின சீட்டுங்கள மத்தவங்க பாத்தாங்க. அவனவன் நம்பர் பக்கத்துல அவனவன் செத்த அப்பன் பேரு. "செத்தவங்களக் கூப்புட்டுட்டானுங்க, இன்னிக்கு எல்லாரையும் சேத்து மூடப் போறானுங்க"ன்னு ஒருத்தன் கத்தினான். அவ்ளோதான், கடப்பாறை, ரம்பம், சங்கிலி, கையில கெடைச்சத எடுத்துக்கினு ஆபீசுக்குக் கெளம்பிட்டாங்க.

சத்தம் கேட்டப்ப நான் ஏர் பிளாஸ்ட்டுன்னு நெனச்சேன். அதுக்குள்ள ஜன்னல் ஒடைஞ்சு கல்லு உள்ள வந்துச்சு. கண்ணாடித் துண்டு ஆபீசர் கன்னத்துல செருவி சட்டையெல்லாம் ரத்தம். வாட்ச்மேன் தடிய புடுங்கி அவன் முதுவுலயே ஒடைச்சாங்க. நான் ஆபீசர் கையப் புடிச்சு இஸ்து அட்டை ரூமுக்குள்ள தள்ளி வெளிய பூட்டு போட்டு சாவிய ஜாக்கெட்டுக்குள்ள போட்டுக்கினேன். "சத்தம் போடாத சார், போட்டா நீ செத்த"ன்னேன். மொத தடவையா அவர நீன்னு கூப்பிட்டேன்.

உள்ள பூந்தவங்க டைப் மெஷினத் தூக்கி வெளிய எறிஞ்சாங்க. கிளார்க்கு ஒருத்தர மயிரப் புடிச்சு மேஜையில மோதினாங்க. என்னைத் தொடல. லைன்ல எல்லாருக்கும் என்னைத் தெரியும், தொட்டா கடிப்பேன்னும் தெரியும். ஒருத்தன் ஒரு சீட்டக் கசக்கி என் மூஞ்சியில வீசினான். பிரிச்சேன். எங்கப்பா பேரு. சாக்குல கட்டிக் குடுத்த ஆளுக்கு மொத ஷிப்ட் போட்டிருந்துச்சு. எனக்கும் கொலைவெறிதான் வந்துச்சு, பூட்டத் தெறந்து உட்டுடலாமான்னு ஒரு நிமிசம் நெனச்சேன். அண்ணன நெனச்சுத்தான் உடல. ஆபீசர் உள்ள இருக்காருன்னு தெரிஞ்சு அட்டை ரூம் கதவ இடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. கதவு தெறந்தா ஆபீசர் இங்க சாவாரு, எங்க அண்ணன் தூக்குல சாவான். ஆரம்பிச்சு வெச்சது அவன், மொத அடியும் அவனோடதாத்தான் இருக்கும். அப்பாவையும் குடுத்துட்டு இவனையும் குடுக்க என்னால முடியாது.

அவன் கிட்ட பேசிப் பிரயோசனம் இல்ல. அவன் பேரு அடிச்ச சீட்ட மூஞ்சிக்கு நேரா காட்டினாத்தான் நிப்பான். அவன் நின்னா மத்தவங்களும் நிப்பாங்க. மெஷின்லருந்து போர்ட உருவி மேஜையில வெச்சேன். தலை ஓட்டைக்கு ஒரு ஒயர் மாட்டி, அப்பன் அட்டைங்கள ஒதுக்கி உட்டா மவனுங்க பேரு வரும். பழைய மெஷின்ல கண்ண மூடிக்கினு கட்டினவதான், ஆனா இதுல ஓட்டைங்க வேற எடத்துல. வெரலால எண்ணி எண்ணி மாட்டிக்கினு இருந்தேன்.

அண்ணன் வந்தான். கையில கடப்பாறை. நெத்தியில கல்லு பட்டு ஒரு கண்ணுல ரத்தம் எறங்கிக்கினு இருந்துச்சு.

"இதுதானா அது?"ன்னான்.

"அண்ணே, கொஞ்சம் இரு. ஒரே ஒரு ஒயர்."

"அப்பாவக் கூப்புட்டுட்டானுங்கடி. ஷாப்ட் வாயில, அத்தினி பேருக்கு முன்னாடி."

"தெரியும். இரு."

"நவுரு."

"மாட்டேன்."

"கைய எடு, போட்டுடுவேன்."

"போடு பாக்கலாம்."

கைய எடுத்துடுவேன்னு அவன் நெனச்சான். போட மாட்டான்னு நான் நெனச்சேன். ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்க, ரெண்டு பேருக்கும் ஒரே வீம்புன்னு அப்போ தோணல. போட்டான். போர்டு ரெண்டாப் பொளந்துச்சு, என் எடது கை அதுக்குள்ளயே இருந்துச்சு. நான் கத்தலன்னு அப்புறம் சொன்னாங்க, எனக்கு ஞாபகம் இல்ல. வெள்ளையா எலும்பு தெரிஞ்சது மட்டும் ஞாபகம் இருக்கு.

கடப்பாறையத் தூக்கி வீசிட்டு என்னை அள்ளித் தோள்ல போட்டுக்கினு ஓடினான். அவன் ஓடறதப் பாத்து கதவ இடிச்சிக்கினு இருந்தவங்களும் நின்னுட்டாங்க. கேட்டுல போலீசு வந்து எறங்கியிருந்துச்சு. லத்தியால அவன் முதுவுல போட்டாங்க, காலுல போட்டாங்க. ஒவ்வொரு அடிக்கும் அவன் ஒடம்பு அதிர்றது என் வயித்துல தெரிஞ்சுது. ஒரு கையத் தூக்கித் தடுத்திருக்கலாம், தடுக்கல. தடுத்தா என்னைக் கீழ உடணும். ஆஸ்பத்திரி வரைக்கும் அடி வாங்கிக்கினே ஓடினான்.

ஆபீசர் பொழைச்சுக்கினாரு. அண்ணனுக்கு வேலை போச்சு, கொஞ்ச காலம் கோலார் ஜெயில்ல இருந்தான், கொலைக் கேசு மட்டும் இல்ல. என் ரெண்டு வெரல எடுத்துட்டாங்க. அதெல்லாம் பிற்பாடு நடந்தது. அன்னிக்கு ஆஸ்பத்திரி கட்டில்ல என்னைப் போட்டு கைக்குத் துணி சுத்திக்கினு இருந்தாங்க. போலீஸ்காரன் வாசல்ல காத்துக்கினு இருந்தான். அண்ணன் என் தலைமாட்டுல நின்னான். மூஞ்சியெல்லாம் ரத்தமும் சளியும்.

"ஏன்டி கைய எடுக்கல? எடுத்துத் தொலைச்சிருக்கலாம் இல்ல? அந்தப் பாழாப்போன ஒயர்ல அப்படி இன்னா இருந்துச்சு?"ன்னு கத்தினான்.

"உன் பேருதாண்ணே. அதத்தான் மாட்டிக்கினு இருந்தேன்"ன்னேன்.

 கட்டில் இரும்புல தலைய மோதிக்க ஆரம்பிச்சான். ஆஸ்பத்திரி ஆளுங்களும் அந்தப் போலீஸ்காரனும் ஓடி வந்து இஸ்துப் புடிக்கற வரைக்கும் மோதினான்.