கம்பியில் நாற்பத்தொரு சீட்டு

“இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சு சொல்லும்மா. நல்லதா கெட்டதா, அத மொதல்ல சொல்லு.”

1966 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, முடிச்சூர் ரோட்டில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் சுவிசேஷமுத்து அண்ணா நான்காக மடித்த ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினார். விற்பனை வரி அலுவலகத்திலிருந்து வந்த ஆங்கில உத்தரவு.

“கெட்டதுதான் அண்ணா.”

“சரி. இப்ப மெதுவா படி.”

படித்தேன். முந்தின டிசம்பரில் நாற்பத்தொரு பேருக்கு அவர் கேக் விற்றிருக்கிறார், அதைக் கணக்கில் காட்டவில்லை. அதைச் சேர்த்தால் வருட விற்பனை வரம்பைத் தாண்டுகிறது. ஆகவே வரி. வேண்டுமென்றே மறைத்ததால் அபராதமும்.

“யாரு மறைச்சது?”

“நீங்கதான்னு போட்டிருக்கு.”

“துட்டு கடன ஒடன வாங்கிக் கட்டிடலாம். நாலு வூட்டு மாவு என் கையில வருது. மறைக்கிறவன்னு பேரு வந்துட்டா அப்புறம் எவ குடுப்பா?”

“அப்பீல் பண்ணலாம்னு கடைசியில போட்டிருக்கு. கைக்கு வந்த முப்பது நாளுக்குள்ள. இது எப்ப வந்தது?”

“பன்னெண்டு நாளு ஆயிருக்கும். செல்வமேரி வாங்கி பைபிளுக்குள்ள வெச்சிட்டா.”

“இதுக்கு முன்னாடி ஒரு நோட்டீஸ் வந்திருக்கணுமே, பதில் கேட்டு?”

“அதுவும் பைபிளுக்குள்ளதான் கீது.”

அவருடைய மனைவி செல்வமேரி அக்காவுக்கு அரசாங்க முத்திரை உள்ள காகிதம் எதுவானாலும் பத்திரமாக வைக்க வேண்டியது. திறந்து படிக்க வேண்டியது அல்ல.

சுவிசேஷமுத்து அண்ணா குள்ளம். வலது முழங்கைக்குக் கீழே முடி கிடையாது, அடுப்பு தின்றுவிட்டது. செங்கல் அடுப்பில் சவுக்கு விறகு எரித்து, தணலை வாரி வெளியே தள்ளிய பிறகு, அந்தக் கையை அடுப்பின் வாய்க்குள் நீட்டி ஜெபம் சொல்வார். பாதி ஜெபத்தில் சுட்டால் ரொட்டி வைக்கலாம். ஆமென் வரை கை தாங்கினால்தான் கேக். கடையில் வெப்பமானி கிடையாது. ஒருமுறை யாரோ வாங்கித் தருவதாகச் சொன்னதற்கு, “அப்புறம் நான் ஜெபம் பண்றதே நின்னுடும்” என்றார்.

காகிதம் விஷயத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம். பேர் எழுதிய தாளை நெருப்பில் போடமாட்டார். கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, பள்ளிக்கூடத்துப் பரீட்சைத்தாள் என்று எது பொட்டலமாக வந்தாலும் பேரிருந்தால் எடுத்து ஒதுக்கிவிடுவார். எதிரிலேயே அடுப்பு எரியும். “ஒருத்தர் பேர எரிக்கிறதுக்கு நான் யாரு?” என்பார்.

டிசம்பர் பதினைந்திலிருந்து பத்து நாள் அவர் தமக்கென்று ஒன்றும் சுடுவதில்லை. சானடோரியத்திலிருந்தும் சேலையூரிலிருந்தும் இரும்புலியூரிலிருந்தும் வீட்டுக்காரர்கள் மைதா, சர்க்கரை, வெண்ணெய், முட்டை, ஊறவைத்த திராட்சை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். கலந்து சுட்டுக் கொடுப்பது அவர் வேலை. பவுண்டுக்கு இவ்வளவு என்று கூலி. கிலோ வந்து வருடங்களாகியும் கேக் மட்டும் பவுண்டில்தான் நிற்கிறது. பெண்கள் முக்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொள்வார்கள்.

“முத்து, என் வெண்ணெய் எந்த வீட்டுக் கேக்குல போயிட்டிருக்கு?” என்பார் ஹில்டா டீச்சர்.

“ஒங்க கண்ணு அதும் மேலயே ஒட்டிக்கினு கீது டீச்சர். அது எங்க நவுரும்?”

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சாமான்களோடு ஒரு சீட்டு வரும். இன்னது இவ்வளவு அனுப்பியிருக்கிறது என்று. கேக் வெந்து வீடு போன பிறகு அந்தச் சீட்டை அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கும் கம்பியில் குத்திவிடுவார். பேர் இருக்கிறதே, எரிக்க முடியாது.

பிப்ரவரியில் வந்த வரி அதிகாரி மரியாதையாகத்தான் கணக்கைக் கேட்டிருக்கிறார். இவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் ‘ஹில்டா டீச்சர் கேக் 8’, ‘வேதாசலம் வூடு கேக் 4’ என்று வரிசையாக இருந்தது. யாருடைய மாவு என்று ஒரு வரிகூட இல்லை. ஊருக்கே தெரிந்ததை யார் எழுதிவைப்பார்கள்?

“கம்பியில இருக்கிற சீட்டைக் காட்டினீங்களா?” என்று நான் கேட்டேன்.

“அவரு கணக்கு கேட்டாரு. சீட்டு கணக்கா?” என்றார். பிறகு, “அவரு மேல தப்பு இல்லம்மா. கேக்குன்னு கீது. மாவு யாருதுன்னு புக்கு சொல்லல” என்றார்.

அப்பீல் மனுவை அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் எழுதித் தமிழில் சொல்ல வேண்டும். ‘மேற்படி கேக்குகளுக்கான பொருள்கள் முழுவதும் அந்தந்த வீட்டார் கொண்டுவந்தவை’ என்று சொன்னபோது கை நின்றது.

“முழுசும்னா போட்டுக்கிற?”

“ஆமா. அப்பத்தான் பலமா இருக்கும்.”

“அத எடுத்துடு. மூணு வூட்ல சர்க்கரை கொறஞ்சுது. நான் போட்டேன்.”

“காசு வாங்கினீங்களா?”

“இல்ல. ஆனா போட்டேன்.”

“இதை யாரும் கேக்கப் போறதில்ல அண்ணா. நாமா சொன்னா மத்த முப்பத்தெட்டையும் சந்தேகப்படுவாங்க. மொத்தமும் போயிடும்.”

“மறைச்சேன்னு எழுதினவங்களுக்கு, ஒண்ண மறைச்சா பதில் எழுதறது?”

அந்தச் சொல்லை அடித்தேன். மூன்று வீடுகளுக்குக் குறைந்த சர்க்கரையை, விலை வாங்காமல், தாம் போட்டதாக ஒரு வாக்கியம் சேர்த்தேன். எந்த வீடுகள் என்று அவர் சொல்லவில்லை.

மனுவோடு இணைப்பதற்காகச் சீட்டுகளை வரிசையாகப் பெயர்த்து எழுதினேன். சர்க்கரை ரேஷன் கார்டுக்குத்தான் கிடைத்த வருடம் அது. இருபத்தேழாவது சீட்டு அம்மாவின் கையெழுத்தில் இருந்தது. ‘மைதா இரண்டு பவுண்டு. சர்க்கரை அரை பவுண்டு. இருப்பது இவ்வளவுதான். ஞானஜோதி.’ அப்பா அப்போது காசநோய் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்தக் கிறிஸ்துமஸ் கேக்கில் இனிப்பு குறைந்திருந்ததாக எனக்கு நினைவில்லை. மற்றச் சீட்டுகளைப் போலவே அதையும் எழுதிவிட்டு இருபத்தெட்டாவதை எடுத்தேன்.

இருபத்தாறாவது நாள் மனு போய்ச் சேர்ந்தது. அக்டோபரில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கம்பியைச் சீட்டுகளோடு செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் மின்சார ரயில் ஏறினார். திரும்பி வந்து நடித்தே காட்டினார்.

“பெரிய நாமம் போட்ட ஆபீசரு. சீட்டெல்லாம் வெண்ணெய் பிசுக்கு. நகத்தாலயே தள்ளித் தள்ளிப் பாக்கறாரு. ‘எல்லாத்துலயும் முட்டையாய்யா?’ன்னாரு. ‘கேக்குன்னா முட்டைதான் சார்’ன்னேன். நம்மள தொட வெச்சிட்டானேன்னு ஒரு மூஞ்சி.”

பிறகு குரல் தணிந்தது. “அவரே மூணு சீட்ட தனியா எடுத்து வெச்சாரும்மா. ‘இதுல சர்க்கரை பத்தாதே?’ன்னாரு. ‘அதுதான் சார் மனுவுல எழுதிக்கீது’ன்னேன். ‘காசு வாங்காம எதுக்குய்யா போட்டே?’ன்னாரு. ‘சர்க்கரை கம்மியா போட்டா கேக்கு நல்லா வராது சார்’ன்னேன். அப்புறம் எழுதிக்கினே இருந்தாரு.”

நவம்பர் கடைசியில் உத்தரவு வந்தது. இந்த முறை பைபிளுக்குள் போகவில்லை, நேரே என்னிடம் வந்தது. நாற்பத்தொன்றும் விற்பனை அல்ல, கூலி வேலை. வரியும் அபராதமும் ரத்து. மனுதாரர் தமக்கு எதிராகப் போகக்கூடியதையும் தாமே எழுதியிருப்பதால் எதையும் மறைத்தார் என்று கொள்வதற்கில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை மூன்று முறை படிக்கச் சொன்னார். மூன்றாவது முறை செல்வமேரி அக்காவையும் கூப்பிட்டு நிற்கவைத்தார்.

“இப்ப வெச்சிக்கோ. அந்த ரெண்டோட இதையும்,” என்று அவரிடம் கொடுத்தார்.

அன்றிலிருந்து அவருடைய டிசம்பர் நோட்டில் ஒவ்வொரு பேருக்கும் எதிரே ‘அவங்க மாவு’ என்று இருக்கிறது. சில பேருக்கு எதிரே ‘அவங்க மாவு, நம்ம சர்க்கரை கொஞ்சம்’ என்றும் இருக்கிறது. நோட்டை அவர் யாரிடமும் கொடுப்பதில்லை, வரி அதிகாரி வந்து கேட்டாலொழிய.

அந்த வருடம் எங்கள் வீட்டில் கேக் வேண்டாம் என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. உத்தரவைப் படித்துக் காட்டிவிட்டு நான் எழுந்தபோது, சுவிசேஷமுத்து அண்ணா புதுக் கம்பி ஒன்றின் நுனியை வளைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“அம்மாகிட்ட சொல்லும்மா. இந்த வருசமும் சீட்டு எழுதி அனுப்பச் சொல்லு. எவ்ளோ கீதோ, அவ்ளோ போட்டு.”