ஏழாம் இலக்கக் கரை

அத்தானின் வான் வண்டியை அந்தக் கார்த் தரிப்பிடத்தில் கண்டபோது, அவர் வேறு ஏதோ அலுவலாக ஏரிக்கரைக்கு வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சாம்பல் நிற வான். பின் கண்ணாடியில் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் ஸ்ரிக்கர். இரண்டு வருடங்களாக அந்த வானைத் தூரத்தில் கண்டால் நான் வேறு வரிசையில் காரை நிறுத்துவேன். செத்தவீடுகளில் அவர் முன் கதிரைகளில் இருந்தால் நான் பின்னால் போய் இருப்பேன். பிறந்தநாள் விழாக்களில் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் வெளியில் நின்று யாருடனாவது கதைப்பேன். அவரும் அப்படித்தான். இருவருமே அதை ஒழுங்காகச் செய்யப் பழகியிருந்தோம்.

வானின் பின்கதவு திறந்தது. அத்தான் நீளமான தூண்டில் பையை இழுத்து எடுத்துத் தோளில் மாட்டினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவரும் மீன்பிடிப் போட்டிக்கு வந்திருக்கிறார்.

அத்தான் என்றால் என் மூத்த அக்காவின் கணவர். நான் கனடாவுக்கு வந்திறங்கிய நாளில் விமான நிலையத்துக்கு வந்து, தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டவர். மூன்று வருடம் அவர்கள் வீட்டு நிலவறையில்தான் இருந்தேன். அப்படிப்பட்டவரோடு கதை நின்றுபோனது என் மகளின் கலியாணத்தால்.

எங்கள் ஆட்களுக்குக் கலியாண அழைப்பிதழை நேரில் கொண்டுபோய்க் கையில் கொடுத்து, வாயால் சொல்லிக் கூப்பிட வேண்டும். நானும் மனைவியும் குங்குமச் சிமிழோடு முதலில் போனதே அவர்கள் வீட்டுக்குத்தான். வீட்டில் ஒருவரும் இல்லை. அக்காவுக்குப் போன் எடுத்தேன். "கடிதப்பெட்டிக்குள்ளை வைச்சிட்டுப் போ, நான் அவருக்குச் சொல்லுறன்" என்றாள். வைத்துவிட்டு வந்தோம். பிறகு அத்தான் யாரிடமோ சொன்னதாக என் காதுக்கு வந்தது: "என்ரை வீட்டுக்கு வந்து கடிதப்பெட்டியோடை கதைச்சிட்டுப் போயிருக்கிறான்." கலியாணத்துக்கு அக்கா தனியே வந்தாள். மாமன் முறையிலும் மூத்தவர் முறையிலும் முன்னுக்கு நிற்க வேண்டிய இடமெல்லாம் எனக்கு வெறுமையாகத் தெரிந்தது. அக்கா போனில் சொன்னதை அவருக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லியிருந்தால் சண்டை அவர்கள் வீட்டுக்குள் போயிருக்கும்.

மீன் பிடிக்கும் பழக்கம் எனக்கு வந்தது வேலையிடத்தில். மிசிசாகாவில் விமானச் சரக்குகளை ஏற்றி இறக்கும் இடத்தில் என்னோடு வேலை செய்த போலந்துக்காரர் ஒருவர் ஒரு கோடையில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கார்ப் என்று இங்கே சொல்லும் பெரிய கெண்டை மீன். பிடிப்பது, நிறுப்பது, முத்தம் கொடுக்காத குறையாகத் திரும்பத் தண்ணீரில் விடுவது. "ஒரு குழம்புக்கும் உதவாத மீன்பிடி" என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லுவாள். ஆனால் கிழமை முழுவதும் இரைச்சலுக்குள் நிற்கிற எனக்கு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருக்க ஒரு சாட்டுத் தேவைப்பட்டது. போட்டி நடந்த வருட வசந்தத்தில்தான் அவருடைய மீன்பிடிச் சங்கத்தில் சேர்ந்தேன். சேர்ந்தபின் அதுதான் எனக்கு முதல் போட்டி. அத்தான் ஓய்வு பெற்றபின் பக்கத்து வீட்டு ருமேனியக்காரரோடு இதே சங்கத்துக்கு வந்து சேர்ந்தது எனக்குத் தெரியாது. அக்காவும் சொல்லவில்லை. எங்கள் இருவர் பெயரையும் ஒரே வசனத்தில் சொல்வதை அவள் விட்டிருந்தாள்.

செப்டெம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை. ஸ்காபரோவின் உயர்ந்த மண்பாறைகளுக்குக் கீழே, படகுகள் கட்டும் குடாவின் ஓரம். பாறைகளில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சங்கத்து ஆட்கள் முப்பது பேர்வரை கோப்பிக் கோப்பைகளோடு நின்றார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த வயதான பெண்மணி ஒருவர்தான் செயலாளர். கம்பளித் தொப்பிக்குக் கீழே எப்போதும் சிரித்த முகம். அவர் துணிப்பை ஒன்றை நீட்டிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் வந்தார். பைக்குள் இலக்கம் எழுதிய மரவில்லைகள். ஒரே இலக்கம் வந்த இருவர் ஒரு சோடி. அந்த இலக்கக் கரையில் மாலை நான்கு மணிவரை இருந்து, இருவரும் பிடித்த மீன்களின் மொத்த நிறையைக் கணக்கில் எடுப்பார்கள்.

நான் எடுத்தது ஏழு. கூட்டத்தின் மறுபக்கத்தில் யாரோ "செவின்" என்றார்கள். எனக்குத் தெரிந்த குரல்.

செயலாளர் என்னையும் அத்தானையும் மாறிமாறிப் பார்த்தார். "நீங்கள் இருவரும் ஒரே மொழி பேசுகிறவர்கள் அல்லவா? எவ்வளவு நல்லது! பொழுது போவதே தெரியாது" என்று ஆங்கிலத்தில் சொல்லி என் தோளில் தட்டினார்.

மாற்றித் தரும்படி கேட்டிருக்கலாம். ஒருவரும் மறுத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஏன் என்று கேட்பார்களே. கடிதப்பெட்டிக்குள் போட்ட கலியாணக் கார்டின் கதையை அந்தக் கம்பளித் தொப்பிக்கு நான் எந்த இங்கிலீசில் விளங்கப்படுத்துவது? அத்தானும் அதையேதான் நினைத்திருப்பார். பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன்.

ஏழாம் இலக்கக் கரை இரண்டு வில்லோ மரங்களுக்கு இடையில் இருந்தது. இடது பக்கம் நாணல். வலது பக்கம் கட்டிய படகுகளின் கயிறுகள். அத்தான் நாணல் பக்கம் கதிரையை விரித்தார். நான் படகுப் பக்கம். நடுவில் இருவருக்கும் பொதுவான வலை, மீனை வைக்கும் மெத்தை, தராசு. என் தூண்டிலில் தகர டின்னில் அடைத்த சோளம். அவர் மூடி போட்ட பெட்டி ஒன்றிலிருந்து எதையோ எடுத்துக் கொளுவி, அலட்டாமல் ஒரு வீச்சு வீசினார். அது விழுந்த இடத்தில் சத்தமே கேட்கவில்லை. நல்லாய்ப் பழகியிருக்கிறார் என்று நினைத்தேன். என்னுடையது பொத்தென்று விழுந்தது.

பிறகு மௌனம். அது கோபமான மௌனம்கூட இல்லை. மருத்துவமனையில் வரிசையில் இருக்கும் இரண்டு பேரின் மௌனம். அன்னங்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின. பக்கத்துக் கரையில் என் போலந்து நண்பரும் இளம் சீனப் பெண்ணொருத்தியும் அடுத்தடுத்து மீன் எடுத்தார்கள். மீன் கடித்தால் கத்தவென்று எங்கள் தூண்டில்களில் பூட்டியிருந்த அலாரங்கள் இரண்டும் ஊமையாக இருந்தன. அத்தானின் தலைமயிர் நன்றாகக் கொட்டியிருப்பதைக் கவனித்தேன். கதிரையிலிருந்து எழும்பும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

மத்தியானம் ஆனதும் அவர் தன் பையிலிருந்து இரண்டு பிளாஸ்ரிக் பெட்டிகளை எடுத்து மெத்தையின் ஓரத்தில் வைத்தார். ஒன்றைத் திறந்து, கரண்டியால் சாப்பிடத் தொடங்கினார். தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்த கடலை. மணம் என் பக்கம் வந்தது. நான் கொண்டுவந்தது ஒரு கடைச் சான்ட்விச், அதையும் பத்து மணிக்கே தின்றுவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தான் தண்ணீரைப் பார்த்தபடியே பெட்டியை மூடி என் பக்கமாகக் காலால் தள்ளினார். அவர் தள்ளிய பக்கத்தில் இரண்டு பெட்டியும் மூடியபடி ஒரே மாதிரி இருந்தன. நான் மரியாதைக்குச் சற்றுப் பொறுத்துவிட்டு, கிட்ட இருந்ததைத் திறந்து ஒரு பிடி அள்ளி வாயில் போடப் போனேன்.

"உது மீனுக்கு!" என்றார் அத்தான். "மற்றதை எடு."

இரண்டு வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அது. கையிலிருந்த கடலையை மணந்து பார்த்தேன். உப்பில்லாமல் அவித்து, பெருங்காயம் போட்டு ஊறவைத்தது. அடக்கப் பார்த்தும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தோளும் குலுங்கியது. முகத்தை மட்டும் தண்ணீரின் பக்கமே வைத்திருந்தார்.

"பெருங்காயமோ அத்தான்?"

"ஓம். கார்ப்புக்கு உந்த மணம் நல்ல விருப்பம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"மற்றது?"

"கொக்கா செய்தது. சாப்பிடு."

அக்காவின் கைக்கடலை. ஒரு பருக்கையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். முடிந்ததும் அத்தான் மீன் கடலையில் நாலைந்தை எடுத்து என் கையில் தந்தார்.

"உந்தச் சோளத்தைக் கழட்டி எறி. இதைப் போடு. படகுக் கயிற்றுக்கு இஞ்சாலை போடு, அங்காலை போகாதை."

போட்டேன். இந்த முறை விழுந்த சத்தம் அவ்வளவு மோசமில்லை.

கதிரைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் கதை வந்தது. மகள் எப்படி என்று கேட்டார். மொன்றியலில் இருவருக்கும் வேலை, சுகமாக இருக்கிறார்கள் என்றேன். மருமகன் எப்படிப்பட்ட பிள்ளை என்று கேட்டார். அமைதியான பெடியன் என்றேன். பிறகு நூலைச் சற்றுச் சுற்றி இறுக்கினார். தன் தூண்டிலைப் பார்த்தபடி சொன்னார்:

"நான் அண்டைக்கு வெளிக்கிட்டனான்."

"எண்டைக்கு அத்தான்?"

"கலியாணத்தண்டு. கொக்காவை முதலே ஒரு காரிலை அனுப்பிப்போட்டு, வேட்டி சால்வையெல்லாம் கட்டிக்கொண்டு வானுக்குள்ளை ஏறி இருந்தனான். ஸ்ரார்ட்டும் பண்ணினனான். பிறகு... இறங்கியிட்டன்."

வேட்டி கட்டிய ஒருவர் தனியே, வீட்டு வாசலில், ஓடிக்கொண்டிருக்கும் வானுக்குள் இருப்பதை மட்டும் நினைத்துப் பார்த்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்று வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் என் அலாரம் கத்தத் தொடங்கியது.

ஒருமுறை கத்தி நிற்கவில்லை, விடாமல் கத்தியது. ரீல் நூலைக் கக்கியது. தூண்டிலைத் தூக்கியதும் மறுபக்கத்தில் ஒரு கனம். மீன் என்பதைவிட, யாரோ தண்ணீருக்குக் கீழே நூலைப் பிடித்துக்கொண்டு நடந்து போவதுபோல. அது நேரே படகுக் கயிறுகளை நோக்கிப் போனது.

"இழுக்காதை! விடு, ஓடட்டும்!"

"கயிற்றுக்குள்ளை போகுது அத்தான்!"

"தடியைப் பதிச்சுப் பிடி! நாணல் பக்கம் சரி. ஆ... அப்பிடித்தான். இப்ப மெல்லச் சுத்து."

அத்தான் தன் நூலை அவசரமாகச் சுருட்டி எடுத்துவிட்டு வலையோடு வந்தார். மீன் திரும்பியது. கரைக்குக் கிட்ட வந்து, எங்களைக் கண்டு, மறுபடி ஓடியது. மூன்றாம் முறை அது பக்கவாட்டில் சரிந்து மேலே வந்தபோது அதன் அகலத்தைக் கண்டேன். பழைய பித்தளைத் தாம்பாளத்தின் நிறம். வலை எட்டவில்லை. அத்தான் சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்புகிற மனிதர் தொடையளவு தண்ணீரில் குனிந்து, வலையை மீனின் கீழே கொடுத்துத் தூக்கினார்.

"எடுத்தாச்சு!" என்று கத்தினார். பக்கத்துக் கரையில் நின்ற என் நண்பர் கைதட்டினார்.

அவர்தான் சாட்சியாக வந்து நிறுத்தார். இருபத்தாறு றாத்தல், பன்னிரண்டு கிலோ அளவில். மெத்தையை நனைத்து, மீனை வைத்து, அத்தான் கொழுக்கியை உதட்டிலிருந்து வலிக்காமல் கழற்றினார். நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்க, நண்பர் படம் எடுத்தார். பிறகு இருவரும் தண்ணீர் ஓரத்தில் குந்தியிருந்து, மீனுக்கு மூச்சு வரும்வரை தண்ணீரில் தாங்கிப் பிடித்தோம். எங்கள் கைகள் நாலும் தண்ணீருக்குள் இருந்தன.

அப்போதுதான் என்னால் சொல்ல முடிந்தது.

"அண்டைக்கு ஐயரை ரெண்டு தரம் பொறுக்கச் சொன்னனான். நீங்கள் வருவியள் எண்டு."

அத்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ரெண்டு தரமோ?" என்றார்.

"ஓம். மூண்டாம் தரம் ஐயர் ஏசிப்போட்டார்."

மீன் வாலை ஒருதரம் அடித்தது. எங்கள் முகங்களில் தண்ணீர் தெறித்தது. அத்தான் கழுத்தில் சுற்றியிருந்த சால்வையால் முகத்தைத் துடைத்தார். கொஞ்சம் கூடுதலான நேரம் துடைத்தார். தண்ணீர் கலங்கித் தெளிந்தபோது மீன் இல்லை.

அதற்குப்பின் அவர் சின்னதாக ஒன்று எடுத்தார். எங்கள் கணக்கு அவ்வளவுதான். முதலாவதாக வந்தது என் நண்பரும் அந்தச் சீனப் பெண்ணும். எங்களுக்கு இரண்டாம் இடம். பரிசு ஒரு தேமோஸ் போத்தல். இரண்டு பேருக்கு ஒரு போத்தல். "எப்படியும் சேர்ந்துதானே மீன் பிடிப்பீர்கள்" என்று செயலாளர் சிரித்தார்.

தரிப்பிடத்தில் அத்தானின் ஈரச் சப்பாத்து ஒவ்வொரு அடிக்கும் சத்தமிட்டது.

"நீங்கள் கொண்டுபோங்கோ அத்தான்."

"நீ பிடிச்ச மீன். நீ கொண்டுபோ."

"உங்கடை கடலைக்குத்தானே பட்டது."

கடைசியில் யார் எடுத்தது என்று சரியாக ஞாபகமில்லை. அவருடைய காலுறையைப் பிழிந்து காயப்போட என் காரிலிருந்த துவாயைக் கொடுத்ததும், வானின் சூடாக்கியைப் போட்டுக்கொண்டு இருவரும் முன் இருக்கைகளில் கொஞ்சநேரம் இருந்ததும் ஞாபகமிருக்கிறது. அக்காவின் முதுகுவலி, வீட்டுக் கூரை ஒழுகுவது, என் வேலை என்று சாதாரணமானவற்றையே கதைத்தோம். கார்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இரவு நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் போன் துடித்தது. அத்தான் மீன் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பிறகு அக்கா எழுதினாள்: "மீன் வடிவு."

அடுத்த நிமிடம் எனக்குத் தனியே போன் எடுத்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் முதலில் கேட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில், "அந்த மனுசனுக்குத் தடிமன் பிடிக்கப்போகுது, தண்ணிக்குள்ளை ஏன் இறங்கவிட்டனி?" என்று என்னை ஏசினாள்.

ஏரி உறைவதற்கு முன் அந்த இலையுதிர் காலத்தில் நானும் அத்தானும் இன்னும் சில ஞாயிறுகள் போனோம். அதிகம் பிடிபடவில்லை. ஒருநாள் விடிய விடிய மழை. போவதா விடுவதா என்று நான் படுக்கையில் யோசித்துக்கொண்டிருக்க, வெளியில் ஹோர்ன் சத்தம் கேட்டது. யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டு வாசலில் வான் நின்றது. மழைத் துடைப்பான் ஆடிக்கொண்டிருந்தது. அத்தான் உள்ளே இருந்து, கெதியாய் வா என்று கையைக் காட்டினார்.